துடுப்பை விட்டுப்போன படகு

அத்தியாயம் 6

படகைத் திருடிப்போன வண்டியின் தடத்தைப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து கொண்டலேரிக் கரையைச் சுற்றிவந்த துப்பறியும் நிபுணர் கோவர்த்தனன், அந்தத் தடம் தாம் தங்கியிருந்த சத்திரத்து வாசலிலேயே வந்து நின்றதைக் கண்டதும், எதையோ பெரிதாக யோசிப்பவர்போல மீசையை முறுக்கிக்கொண்டார்.

"சார்," என்றாள் உதவியாளர் தபீதாள். "இது நாம புத்தூர் ஸ்டேஷன்ல எறங்கி வந்த வண்டி சார்."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"இப்பத்தான்."

"அப்ப காலைலேர்ந்து நம்மளயே நாம தொரத்திக்கினு இருந்தோம். நல்லவேளை, நாம அகப்படல. அகப்பட்டிருந்தா எவ்ளோ கேவலம்!"

தபீதாளுக்கு நாற்பது வயது. சித்தூர் மிஷன் சபையைச் சேர்ந்தவள். டைப்ரைட்டிங்கும் தெரியும், கோவர்த்தனனையும் தெரியும். முதலாவதில்தான் தப்பு வராது என்று அவளே சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விட்டுவிட்டு வெயிலில் குடை பிடித்து நடந்தது அவளுக்குப் பொறுக்கவில்லை.

கோவர்த்தனனுக்குச் சித்தூர்ப் பஜாரில் புளி மண்டிக்கு மேல்மாடியில் ஆபீஸ். கங்காதர நெல்லூர் வெல்லக் கிடங்குத் திருட்டைக் கண்டுபிடித்தவர் அவர்தான். குற்றவாளிகள் எறும்புகள். ஒன்றுகூடப் பிடிபடவில்லை. ஆனாலும் கேஸ் கேஸ்தான் என்று அவர் சொல்லிக்கொள்வதுண்டு.

இந்தத் தடவை காணாமற்போனது ஒரு படகு. பெயர் ராஜாத்தி. கொண்டலேரியில் எல்லாரும் பனங்கட்டைகளைப் பிணைத்து மிதந்துகொண்டிருக்க, பலகையால் செய்த படகு அது ஒன்றுதான். கொண்டலேரி சின்ன ஏரியல்ல. இந்தக் கரையில் கிளம்பிய கொக்கு அந்தக் கரைக்குப் போய்ச் சேருவதற்குள் தாத்தாவாகிவிடும் என்று ஊரில் சொல்வார்கள். கோவர்த்தனன் இதை நம்பவில்லை. நேரில் பார்த்து, அப்பாவாகிற தூரம்தான் இருக்கும் என்று மதிப்பிட்டிருந்தார்.

ஆந்திர ராஜ்யம் பிறந்து சில வருஷங்களாகியும் எல்லை தீராத காலம். கிழக்குக் கரை சென்னை ராஜ்யம், ஆகையால் ஏரியும் அப்படியே என்றார்கள் கிழக்குக் கரைக்காரர்கள். மேற்குக் கரை ஆந்திரம், ஏரியும் அதோடு சேர்த்தி என்றார்கள் மேற்குக் கரைக்காரர்கள். மீன்களை யாரும் கேட்கவில்லை.

இந்த நிலைமையில் பொன்னியம்மன் ஜாத்திரையன்று கிழக்குக் கரைச் செங்கல்வராயனின் படகு காணாமற்போனது. அன்றைக்கு அந்தப் பக்கம் நடமாடிய மேற்குக் கரைப் பையன் எத்திராஜ்மேல் கிழக்குக் கரை முழுக்கச் சந்தேகப்பட்டது. கைகலப்பு வந்துவிடும் என்று பயந்த மேற்குக் கரை ஹெட் கான்ஸ்டபிள் ரங்கையா, எத்திராஜை அவுட்போஸ்டில் போட்டுப் பூட்டினார். நாளைக்குத் திங்கட்கிழமை அவனைச் சித்தூர்க் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்.

கேஸை ஒப்படைத்தது செங்கல்வராயனின் மகள் யசோதா. அப்பாவின் படகைத் தேடித் தரச் சொன்னாள் என்றுதான் ஊருக்குத் தெரியும். தபீதாளுக்குமட்டும் எத்திராஜைப் பற்றி வேறு ஒன்று தெரியும்.

"அக்கா, ஜாத்திரை அன்னிக்கு அவரு எங்கூடத்தான் பேசிக்கினு இருந்தாரு," என்று யசோதா சொல்லியிருந்தாள். "அத்த அவரு வாயத் தொறந்து சொல்ல மாட்டாரு, எம் பேரு கெட்டுப்போயிடும்னு. படகு கெடைக்கலன்னா நாளைக்கு நானே கோர்ட்ல நின்னு சொல்லிடுவேன். அப்புறம் எங்க நைனா என்னை வீட்ல சேக்க மாட்டாரு."

ஆகவே படகு இன்று கிடைக்கவேண்டும். கோவர்த்தனன் கையிலோ தம்முடைய வண்டித் தடத்தைத் தவிர வேறு துப்பு இல்லை.

"படகுக்காரர் வீட்டுக்குப் போவோம்," என்றார் அவர்.

"அஞ்சு நாளா அத்தத்தான் சார் சொல்லிக்கினு கீறேன்."

"ஒரு துப்பறிபவன் பாதிக்கப்பட்டவர் வீட்டுக்குக் கடைசியில்தான் போகவேண்டும்."

"எந்த ஊரு வழக்கம் இது?"

கோவர்த்தனன் நடையைக் கட்டினார். அந்த வழக்கம் அரை நிமிஷத்துக்கு முன்புதான் ஏற்பட்டிருந்தது.

*

செங்கல்வராயன் வீட்டு முற்றத்தில் வேப்ப மர நிழலில் உட்கார்ந்திருந்தார். வாட்டசாட்டமான ஆள். இரண்டு காதிலும் பஞ்சு. வாசல் பக்கம் நிழலாடியதும் நிமிர்ந்து பார்த்து, "யாரு, ரங்கையாவா? உள்ள வாய்யா," என்றார்.

கோவர்த்தனனுக்குச் சுருக்கென்றது. ரங்கையா குள்ளம், தொப்பை. தாம் உயரம், ஒல்லி. ஆனால் மறுகணமே மூளை வேலை செய்தது. தபீதாளின் காதில் கிசுகிசுத்தார்: "கவனித்தாயா? போலீஸை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார். குற்றமுள்ள மனசு."

"இல்லன்னா உங்க மீசை ரங்கையா மீசை மாதிரி கீது சார்."

யசோதா வெளியே வந்து, இரண்டு செங்கல்மேல் கிடந்த ஒரு பலகையைத் துடைத்து உட்காரச் சொன்னாள். தபீதாள் உட்கார்ந்தாள். கோவர்த்தனன் நின்றுகொண்டார். விசாரிக்கும்போது நின்றுகொண்டால் எதிராளி நடுங்குவான் என்பது அவர் கொள்கை. செங்கல்வராயன் நடுங்குவதாகத் தெரியவில்லை.

"உங்க படகைப் பத்திச் சொல்லுங்க, பெரியவரே. ஆரம்பத்திலேருந்து."

செங்கல்வராயன் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்காகத்தான் பிறந்தவர்போலச் சொல்ல ஆரம்பித்தார்.

"எங்க தாத்தா பழவேற்காட்ல வாங்கினாரு சாமி. உப்புத் தண்ணில ஓடின படகு. முழுசாக் கொண்டார முடியாதுன்னு பிரிச்சி, ரெண்டு வண்டில போட்டு இட்டுக்கினு வந்தாரு. இங்க வந்து தச்சன் பூட்டினான். பூட்டி முடிச்சா ஒரு பலகை மிச்சம்."

"மிச்சமா?"

"ஒரு ஆள் நீளத்துக்கு. எங்க வெக்கறதுன்னு அவனுக்கும் தெரியல, தாத்தாவுக்கும் தெரியல. எதுக்கும் பாக்கலாம்னு தண்ணில வுட்டாங்க. மெதந்துது. அன்னிலேர்ந்து மெதந்துக்கினேதான் இருந்துது. பெரிய வெள்ளத்துல ரெண்டு கரை ஜனத்தையும் ஏத்திக் காப்பாத்திச்சி. தாசில்தாரோட காளை மாடு ஒண்ணு அதுல ஏறிட்டு எறங்கமாட்டேன்னு மூணு வேளை அடம் புடிச்சிது. தெப்பத்துக்குப் பொன்னியம்மன் அதுலதான் ஏறும். வேற எதுல ஏத்தினாலும் அம்மனுக்குக் குமட்டும்."

"அம்மனே சொன்னாளா?" என்றாள் தபீதாள்.

"பூசாரி சொன்னாரு. அவருக்குத்தான் குமட்டும்."

கோவர்த்தனன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "படகு போனதிலேருந்து ஏரிக்குப் போனீர்களா?"

"எதுக்குப் போறது சாமி? அது போன எடத்தப் பாத்தாலே வயிறு எரியுது. தண்ணில கால் வெக்கல."

சொன்னவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கோவர்த்தனன் அந்தக் கையைப் பார்த்தார். விரல் நுனிகள் ஊறப்போட்ட கொண்டைக்கடலைபோலச் சுருங்கி வெளுத்திருந்தன. காதில் பஞ்சு. தண்ணீரில் கால் வைக்காதவர் தலைகீழாக இறங்கியிருக்கிறார் என்று கோவர்த்தனனுக்கே புரிந்தது.

அவர் அடுத்த கேள்விக்கு வாயெடுக்கும்போது தபீதாள் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த பலகையைக் குனிந்து பார்த்தாள். இரண்டு முனையிலும் செதுக்கி, முளை அடிக்க ஓட்டை போட்டிருந்தது. நடுவில் பல வருஷம் ஆள் உட்கார்ந்த வழவழப்பு.

"யசோதா, இது இன்னா பலகை? மிச்சமான பலகையா?"

"இல்லக்கா. அது எங்க தாத்தா காலத்துலயே வெறகாப் பூட்சி. இது படகுல துடுப்பு போடறவங்க குந்தற குறுக்குப்பலகை."

"எப்ப இங்க வந்துச்சி?"

"ஜாத்திரைக்கு மறாநாளு மாட்டுக் கொட்டாயில பாத்தேன். துடுப்பும் கழியும் கூட அங்கதான் கீது."

கோவர்த்தனன் கண்கள் பளபளத்தன. "அப்படியென்றால் திருடன் மனசாட்சியுள்ளவன். படகை எடுத்துக்கொண்டு பலகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்!"

"சார்," என்றாள் தபீதாள் நிதானமாக. "எங்க வீட்ல ஒரு மரப் பீப்பா கீது. வெயில்ல காஞ்சா பலகை பொளந்துக்கும். அதுக்காகச் சித்திரை மாசம் அத்தத் தொட்டில முழுக்கி வெச்சிடுவோம். முழுக்கறதுக்கு முன்னாடி மூடியத் தனியா எடுத்து உள்ள வெச்சிடணும். இல்லன்னா மூடி மெதந்துக்கினு பக்கத்து வீட்டுக்காரி கைக்குப் போயிடும்."

"இந்த நேரத்தில் எதற்கு உன் வீட்டுப் பீப்பாய்?"

தபீதாள் பலகையைப் பார்த்தாள். பிறகு செங்கல்வராயனைப் பார்த்தாள். பிறகு கோவர்த்தனனைப் பார்த்துப் பொறுமையாகக் காத்திருந்தாள். பஸ் வரும் என்று தெரிந்தவர்கள் காத்திருப்பதுபோல.

பஸ் வந்தது.

"பெரியவரே!" என்று கர்ஜித்தார் கோவர்த்தனன். "படகை யாரும் திருடவில்லை. ஏரியிலேயேதான் இருக்கிறது. மூழ்கடித்தவர் நீர்! பீப்பாய்த் தத்துவத்தின்படி இது நிரூபணம்!"

செங்கல்வராயன் முதலில் சிரித்தார். சிரிப்புப் பாதியில் நின்றுபோயிற்று. தலையைக் குனிந்துகொண்டார்.

"சர்வே பண்றவங்க வந்தாங்க சாமி," என்றார் மெதுவாக. "ஏரி நடுவுல எல்லைக் கோடு போடணும், படகு குடுன்னாங்க. குடுத்தா ஏரியக் காட்டிக் குடுத்துட்டான்னு இந்தக் கரைல அடிப்பாங்க. குடுக்கலன்னா அந்தக் கரைல அடிப்பாங்க. எப்பிடியும் வெயில் காலத்துல ஊறப் போடறதுதானே, கொஞ்சம் முன்னாடியே போட்டுடலாம்னு நெனச்சேன். ஜாத்திரைக்கு எல்லாரும் பூட்டாங்க. மணல் மூட்டையப் போட்டு முழுக்கிட்டு நீந்தி வந்துட்டேன்."

"பிறகு?"

"பிறகு இன்னா பிறகு? தேடறேன். கெடைக்கல."

யசோதா முன்னால் பாய்ந்து வந்தாள். "நைனா! அவரு ஒண்ணும் செய்யாம உள்ள கெடக்கறாரு! நீ பாத்துக்கினு இருந்தியா?"

"இன்னிக்குக் கெடச்சிடும், இன்னிக்குக் கெடச்சிடும்னு தெனம் முழுவறேன்டி! கெடச்சதும் காத்துக்கு அவுந்து முழுவிப்போச்சின்னு சொல்லி அவன வெளிய வுட்டுடலாம்னு பாத்தேன். செங்கல்வராயன் ஏரில எடத்தத் தொலச்சிட்டான்னு நான் எப்பிடிச் சொல்லுவேன்? கண்ணக் கட்டிவுட்டாக்கூட, வுழுந்த மூக்குத்திய எடுத்துக் குடுத்தவன்னு பேரு வாங்கி வெச்சிருக்கேன்."

"எதை அடையாளம் வைத்து மூழ்கடித்தீர்?" என்று கேட்டார் கோவர்த்தனன்.

"ரெண்டு கோடு பாப்போம் சாமி. வடக்கே பொன்னியம்மன் கோயிலுக்கு நேரா மலைச் சந்து தெரியணும். மேக்கால சர்வேக்காரங்க நட்ட சிவப்புக் கொடிக்கு நேரா பெரிய புளியமரம் தெரியணும். ரெண்டும் சேர்ற எடத்துல முழுக்கினேன்."

தபீதாள் குடையை மடக்கினாள். "எந்தக் கொடிக்கு நேரா? நாம வந்த அன்னிக்கு மதகு பக்கத்துல நட்டிருந்தாங்களே, அதுவா? நேத்து அரசமரத்தாண்ட இருந்துச்சே, அதுவா?"

"கொடி நகருதா?" என்றார் செங்கல்வராயன்.

அரசாங்கம் நட்ட கம்பம் அசையாது என்று நம்பியவர் அந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான் என்று கோவர்த்தனன் நினைத்துக்கொண்டார்.

*

துடுப்பையும் கழியையும் குறுக்குப்பலகையையும் ஏற்றி, வண்டி கட்டிக்கொண்டு நால்வரும் மேற்குக் கரைக்குப் போனார்கள். ஹெட் கான்ஸ்டபிள் ரங்கையா அவுட்போஸ்ட் வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். உள்ளே ஜன்னல் கம்பியருகே எத்திராஜ், தானும் ஒரு பங்கு வாங்கித் தின்றுகொண்டிருந்தான். யசோதாவைக் கண்டதும் கடலையைக் கீழே போட்டான்.

"ஏமண்டி டிடெக்டிவ்காரு, தொங்க தொரிகாடா?" என்றார் ரங்கையா. திருடன் கிடைத்தானா என்று கேட்கிறார்.

"கிடைக்கிறான். அதற்கு முன்னால், ஜாத்திரை அன்று சர்வே கொடி எங்கே இருந்தது?"

ரங்கையா யோசித்தார். "யாருக்குத் தெரியும்? ஒருநாள் மெட்ராஸ்லேர்ந்து ஆர்டர் வரும், கொடி இந்தாண்ட போகும். மறுநாள் நம்ம ராஜதானி கர்நூல்லேர்ந்து ஆர்டர் வரும், கொடி அந்தாண்ட போகும். நான் பார்க்கறதையே விட்டுட்டேன். தலை சுத்துது."

கரை நெடுகக் கம்பம் நட்டுப் பிடுங்கிய குழிகள் இருந்தன. ஒன்றைப்போலவே ஒன்று. எதிலும் தேதி எழுதியிருக்கவில்லை. கோவர்த்தனன் ஒவ்வொரு குழியாக எட்டிப் பார்த்துக்கொண்டு, கையைப் பின்னால் கட்டி, சினிமா போஸ்டரில் வருவதுபோல நடந்தார். நாலைந்து குழி தாண்டியதும் கால் வழுக்கி மல்லாந்து விழுந்தார்.

"அடிபட்டுச்சா சார்?"

"இல்லை. வேண்டுமென்றே தாழ்ந்து பார்க்கிறேன்."

"எத்தப் பாக்கறீங்க?"

வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் முதுகுக்கடியில் ஏதோ உறுத்தியது. எடுத்தார். பிழிந்து நசுக்கிய எலுமிச்சம்பழம், காய்ந்து கறுத்தது. அதைச் சுற்றி இன்னும் பல. குழியின் விளிம்பெல்லாம் மஞ்சள் கறை. ஒரு தேங்காய்ச் சில். வாடிய வேப்பிலை. துப்பு என்பது மற்றவர்களுக்குக் கண்ணில் படும். கோவர்த்தனனுக்கு எப்போதும் வேறெங்காவதுதான் படும்.

"யசோதா! இங்கே யாருக்குப் பூசை நடந்தது?"

யசோதா குனிந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ! ஜாத்திரைக்குப் பொங்கல் கூடை தூக்கிக்கினு ஏரியச் சுத்தி வரும்போது இங்க ஒரு கம்பம் நட்டு செகப்புத் துணி கட்டியிருந்துச்சிங்க. அம்மனுக்குக் காப்புக் கட்டின கம்பம்னு நெனச்சி நாங்க எல்லாரும் மஞ்சத் தண்ணி ஊத்தி, குங்குமம் வெச்சி, தேங்கா ஒடச்சி, சுத்தி வந்து கும்புட்டோம். அது சர்வே கம்பமா?"

"எத்தனை பேர் கும்பிட்டீர்கள்?"

"ரெண்டு கரைப் பொம்பளைங்களும்தான்."

"மத்த எந்தக் குழியிலயும் மஞ்சள் இல்ல," என்றாள் தபீதாள். "அப்ப ஜாத்திரை அன்னிக்குக் கொடி இருந்த குழி இதான்." அவள் ஏரியைப் பார்த்துத் தலையசைத்தாள். "எங்க சபை ஜனம்தான் ஒண்ணும் தெரியாம ஆமென் சொல்லுதுன்னு ஊர்ல சொல்லுவாங்க."

இப்போது அந்தக் குழியில் ஒரு கொடி வேண்டும். சர்க்கார் கொடியை ஆர்டரில்லாமல் தொட ரங்கையா ஒப்பவில்லை. யசோதா தன் சிவப்புத் தாவணியை அவிழ்த்துத் தந்துவிட்டுத் தபீதாளின் சால்வையைப் போர்த்திக்கொண்டாள். அதைப் படகுக் கழியில் கட்டி, குழியில் ஊன்றி, சாயாமல் பிடித்துக்கொண்டு நிற்கும் பொறுப்பு கோவர்த்தனனுக்கு வந்தது. தொழில் வாழ்க்கையில் இவ்வளவு உபயோகமாக அவர் எங்கும் நின்றதில்லை. வழியோடு போன ஒரு கிழவி அவருடைய கால்மாட்டில் எலுமிச்சம்பழம் வைக்கப் பார்த்தாள். தபீதாள் தடுத்து, "இன்னும் சக்தி வரலம்மா," என்று அனுப்பிவைத்தாள்.

செங்கல்வராயன் பனங்கட்டைத் தெப்பத்தில் போனார். கோயிலையும் மலையையும் பார்த்தார். தாவணியையும் புளியமரத்தையும் பார்த்தார். கொஞ்சம் தள்ளினார், கொஞ்சம் இழுத்தார். குதித்தார்.

கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. இரண்டு கரை ஆட்களும் இருந்தார்கள், நடுவில் கொஞ்சம் இடம் விட்டுக்கொண்டு.

செங்கல்வராயன் மேலே வந்தார். கையைத் தூக்கினார்.

"கீது!"

*

தனியாளாக மணல் மூட்டைகளைத் தூக்க முடியவில்லை. அந்த ஆழத்தில் மூச்சடக்கி வேலை செய்யக்கூடியவன் கரையில் ஒருவன்தான் இருந்தான், கம்பிக்குப் பின்னால். ரங்கையா பெருமூச்சு விட்டுப் பூட்டைத் திறந்தார். எத்திராஜின் இடுப்பில் ஒரு நீளக் கயிற்றைக் கட்டி மறுமுனையைத் தாம் பிடித்துக்கொண்டார். தண்ணீருக்கடியில் கைதி தப்பினால் எந்த ராஜ்யத்தில் எழுவான் என்று அவருக்குக் கவலை.

படகுக்காரரும் பையனும் சேர்ந்து முங்கினார்கள், எழுந்தார்கள், மறுபடி முங்கினார்கள். மேலே மூச்சு வாங்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கடைசியில் ராஜாத்தி சேறும் பாசியுமாக, குளித்துக்கொண்டிருந்தபோது கூப்பிட்டுவிட்டார்களே என்ற கோபத்தோடு மேலே வந்தாள். இருவரும் அவளைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்ததும் கரை இரண்டும் சேர்ந்து கத்தின.

கோவர்த்தனனுடைய நேரம் வந்தது. கழியை விட்டுவிட்டு முன்னால் வந்தார். "பொதுமக்களே! திருட்டுமில்லை, திருடனுமில்லை. அன்று அடித்த காற்றில் கட்டு அவிழ்ந்து, படகு தானாகப் போய் மூழ்கியிருக்கிறது. எத்திராஜ் நிரபராதி!"

செங்கல்வராயன் நன்றியோடு பார்த்தார். ரங்கையா வேர்க்கடலைத் தோலை ஊதினார்.

"காத்து அடிச்சு முழுகிச்சி. சரி. காத்துதான் மணல் மூட்டை கட்டிப் போட்டுதா? காத்துதான் உக்கார்ற பலகையைக் கழட்டி எடுத்துச்சா?" அவர் சோம்பேறி, ஆனால் முட்டாளல்ல. "யாரோ வேணும்னு முழுக்கியிருக்காங்க. திருட்டைவிட இது பெரிய கேஸு. கரையில நடமாடினவன் இவன்தானே? பதரா, நடடா!" என்று எத்திராஜின் கயிற்றைச் சுண்டினார்.

அரை நிமிஷத்தில் ஒரு திருட்டுக் கேஸை நாசவேலைக் கேஸாக உயர்த்தியிருந்தார் கோவர்த்தனன். கங்காதர நெல்லூர் எறும்புகள் எவ்வளவு அதிர்ஷ்டம் செய்தவை என்று முதல்முறையாக அவருக்குத் தோன்றியது.

யசோதா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். வாயைத் திறந்தாள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று தபீதாளுக்குத் தெரியும். எத்திராஜுக்கும் தெரியும், அவன் வேண்டாமென்று தலையை ஆட்டினான். அவள் முகத்தையும் அவன் முகத்தையும் கிட்ட நின்று பார்த்த செங்கல்வராயனுக்கும் அந்தக் கணத்தில் தெரிந்துபோயிற்று.

"நாந்தான் முழுக்கினேன்," என்றார் செங்கல்வராயன்.

கூட்டம் நெருங்கி வந்தது.

"நாந்தான்யா. முழுக்கினேன். அப்பறம் எடம் தெரியல."

ரங்கையா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "நுவ்வா? செருவுலோ தாரி தப்பாவா? யோவ் செங்கல்வராயா, நீ ஏரியில வழி தப்பினேன்னா எந்தக் குழந்தை நம்பும்? பையனைக் காப்பாத்தப் பொய் சொல்றே. நல்ல மனசு. போ, போ."

"பொய்யில்லய்யா!"

"கண்ணைக் கட்டி மூக்குத்தி எடுத்தவன் நீ."

"அது என் பொஞ்சாதி மூக்குத்தி. வுழவேயில்ல. மடில வெச்சிக்கினு முழுவினேன்!"

கூட்டத்தில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். செங்கல்வராயனுக்கு வேர்த்தது. வாழ்நாளெல்லாம் கட்டிய கெட்டிக்காரப் பெயரைத் தம் கையாலேயே பிரித்துப் போடவேண்டியிருந்தது. அதையும் யாரும் வாங்கிக்கொள்ள மாட்டேனென்கிறார்கள்.

"இருட்டுல கரைக்கு வழி கண்டுபுடிச்சேன்னு சொல்வீங்களே, அதுவும் பொய்தான். வழி தெரியாம அலைஞ்சேன், எதுலயோ இடிச்சேன், அது கரையா இருந்துச்சி."

"அப்பத்தம்," என்றார் ரங்கையா. "பொய். நீ அடக்கமான ஆளு."

தபீதாள் முன்னால் வந்தாள். "பெரியவரே, ஒண்ணு கேக்கறேன். ஏரில அடையாளம் பாக்க உங்களுக்கு வேற ஒண்ணுமே இல்லயா? பாறை கீது, ஒத்தப் பனை கீது. உங்க தாத்தா காலத்துலேர்ந்து அதுங்க நகரல. எதுக்கு நேத்து நட்ட கொடியப் பாத்தீங்க?"

செங்கல்வராயன் படகின் விளிம்பைத் தடவினார்.

"கொடிதான் தெரிஞ்சிது," என்றார் கடைசியில். "கோயிலு வெள்ளையா கீது, தெரிஞ்சிது. துணி செகப்பா கீது, தெரிஞ்சிது. மலையும் புளியமரமும் பெருசு, மசமசன்னு தெரிஞ்சிது. பாறை, பனை எல்லாம் எனக்குப் போன வருஷத்துலேர்ந்தே தெரியறதில்ல."

கோவர்த்தனனுக்கு, வீட்டு வாசலில் பெரியவர் தம்மை ரங்கையா என்று கூப்பிட்டது நினைவுக்கு வந்தது. குற்றமுள்ள மனசு என்று தாம் கண்டுபிடித்தது எவ்வளவு அருமையான கண்டுபிடிப்பு! மீசையை முறுக்கப் போன கையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

ரங்கையா சிரிப்பை நிறுத்தினார். பத்தடி தள்ளிப் போய் நின்று, கையில் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். "இது என்ன?"

செங்கல்வராயன் கண்ணை இடுக்கினார். "தொப்பி."

ரங்கையா கையிலிருந்தது வேர்க்கடலைப் பொட்டலம்.

இரண்டு கரைக்காரர்களும் சிரிக்கவில்லை. ரங்கையா திரும்பி வந்து எத்திராஜின் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தார். "வெள்ளு," என்றார். "போ."

எத்திராஜ் எங்கும் போகவில்லை. படகின் நுனியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றான். தபீதாள் வண்டியிலிருந்து துடுப்பையும் குறுக்குப்பலகையையும் கொண்டுவந்து கொடுத்தாள். பலகையைப் பொருத்திச் செங்கல்வராயன் ஏறினார். பாதி ஏரிவரை பழக்கத்தில் போய்விடலாம், மீதி எப்படி என்று அவர் முகத்திலேயே இருந்தது.

"இன்னாடா நின்னுக்கினு கீறே?" என்றார் எத்திராஜைப் பார்க்காமல். "முன்னால ஏறிக் குந்து. யசோதா, நீயும் வா. நடுவுல குந்து. நடுவுலதான்."

படகு கரையை விட்டது. சேற்றுத் தண்ணீரில் மிதந்துகொண்டே கொஞ்ச தூரம் போனபோது, முன்னாலிருந்த எத்திராஜ் கையை நீட்டி, "எடது பக்கம், மாமா. முன்ன ஒரு கட்டை கீது," என்றான்.

ஏரியில் யார் சொல்லும் கேட்டறியாத செங்கல்வராயன், ஒரு கணம் துடுப்பை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு இடது பக்கம் திருப்பினார்.